இலக்கியாவின் பதிவுக்கு ஒரு திருத்தம்

போன வாரம் இலக்கியா நம்முடைய இந்த லினக்ஸ் இணையக் குழுவில் போட்டிருந்த பதிவில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது. அதைத் திருத்துவதற்காகத்தான் எழுதுகிறேன். விட்டுவிடலாமா என்று பொங்கல் விடுமுறை முழுக்க யோசித்தேன். ஆனால் பதினாறு வருடமாக இங்கே வந்து மற்றவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறவன் நான். தவறான தகவலை அப்படியே விட்டால் நாளைக்கு இன்னொருவர் அதை நம்பி எதையாவது செய்துவைப்பார்.

அவள் எழுதியது இதுதான். கடலூரில் எங்கள் ரத்ததானக் குழுவின் கம்ப்யூட்டர் ஆயுதபூஜைக்கு மறுநாள் பூட் ஆகவில்லை. அதற்குள் இருந்த கொடையாளர் பட்டியலை எடுக்க முடியவில்லை. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த தமிழ்ச்செல்வி என்ற பெண் ரத்தம் கிடைக்காமல் இறந்துபோனார். அப்கிரேடு செய்தபோது டிஸ்க் பெயர் எழுதிய வரி தானாக மாறியிருக்கிறது, இல்லையென்றால் தானே தெரியாமல் எதையோ தட்டியிருக்க வேண்டும், தன்னைப் போல யாரும் அஜாக்கிரதையாக இருக்காதீர்கள் என்று முடித்திருந்தாள். இருநூறு பேருக்கு மேல் ஆறுதல் சொல்லியிருந்தீர்கள். நானும் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன்.

அப்கிரேடு அந்த வரியைத் தொடாது. இலக்கியாவும் தொடவில்லை.

புதிதாக வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் இருந்தால், முதலில் கண்ணில் பட்டதற்கு எஸ்டிஏ என்றும் அடுத்ததற்கு எஸ்டிபி என்றும் அது பெயர் வைத்துக்கொள்ளும். அப்கிரேடுக்குப் பிறகு அது பார்க்கிற வரிசை மாறிப்போகலாம். நேற்று எஸ்டிஏவாக இருந்தது இன்று எஸ்டிபி ஆகிவிடும். எந்த டிஸ்கை எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்று உள்ளே ஒரு அட்டவணை இருக்கிறது. அதில் இந்தப் பெயரை எழுதிவைத்திருந்தால், கம்ப்யூட்டர் வேறு டிஸ்கைப் போய்ப் பார்த்துவிட்டு, கறுப்புத் திரையில் நாலு வரி போட்டு நின்றுவிடும். டிஸ்கில் எதுவும் கெட்டிருக்காது. பெயருக்குப் பதிலாக ஒவ்வொரு டிஸ்குக்கும் உள்ள நீளமான அடையாள எண்ணை எழுதிவைத்தால் இந்தத் தொல்லையே கிடையாது. எண் மாறாது. இதைத்தான் நான் இங்கே நூறு தடவையாவது எழுதியிருப்பேன்.

எங்கள் குழுவின் கம்ப்யூட்டரை ஒன்பது வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். நான் ஒரு தனியார் கல்லூரியில் லேப் டெக்னீஷியன். வீடு கடலூர் முதுநகர். சாயங்காலம் கல்லூரி விட்டதும் திருப்பாதிரிப்புலியூரில் மெடிக்கல் ஷாப்புக்கு மாடியில் இருக்கிற குழுவின் அறைக்குப் போய்விடுவேன். ஆறாயிரம் கொடையாளர்களின் பட்டியல் அந்த ஒரு பெட்டியில்தான். பேக்கப்பும் அதே பெட்டியின் இரண்டாவது டிஸ்கில்.

வெளியே ஏன் நகல் இல்லை என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் பட்டியல் பேப்பரில் இருந்தது, ஆளாளுக்கு ஜெராக்ஸ் வைத்திருந்தார்கள். ரத்தம் கொடுத்த ஒரு காலேஜ் பெண்ணுக்கு எவனோ தினமும் போன் போட்டுத் தொல்லை கொடுத்தான். அன்றைக்கு நான் ஒரு விதி கொண்டுவந்தேன். கொடையாளர் பெயரும் நம்பரும் பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது. தேவைப்பட்டால் குழுவின் உறுப்பினர் கேட்க வேண்டும், பார்த்துச் சொல்ல வேண்டும், அதோடு மறந்துவிட வேண்டும். "எனக்கே ஒரு பேர் ஞாபகம் இருக்காது" என்று மீட்டிங்கில் பெருமையாகச் சொல்வேன். எல்லோரும் அதை நம்பினார்கள்.

போன சித்திரை ஒன்றாம் தேதி மீட்டிங்கில், ஒரு வாரத்தில் பொறுப்பை இலக்கியாவிடம் கொடுக்கச் சொன்னார்கள். தலைவர் தேவநாதன் ஐயா, தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

"சகாயம், உனக்கும் அம்பத்தஞ்சு ஆவுதுய்யா. சின்ன புள்ளைங்க கையில குடுத்துடலாம். நாளைக்கி நீ பொசுக்குனு போயிட்டீன்னு வையி, பாஸ்வேர்டு கேட்டு நாங்க மேலயா வர முடியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சால்வை போர்த்தினார்கள். நீல நிறம், ஜரிகை வைத்தது. நீங்கள் இதில் ஒரு காரணத்தைத் தேடுவீர்கள் என்பதால் சொல்கிறேன், எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இலக்கியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயது. ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. கெட்டிக்காரப் பெண், சொன்னதைக் குறித்துக்கொள்வாள். எனக்கு அவள்மேல் எந்த வருத்தமும் இல்லை. முதல் நாளே, "இனிமே நீங்க நிம்மதியா இருங்க சார், நான் பாத்துக்குறேன்" என்றாள். நல்ல எண்ணத்தில் சொன்னது.

பொறுப்பை ஒப்படைப்பதற்கு இரண்டு நாள் முன்பு கம்ப்யூட்டரை அப்கிரேடு செய்தேன். பழைய ஆள் போகும்போது வீட்டைப் பெருக்கிவிட்டுப் போவதில்லையா, அந்த மாதிரி. அப்போதுதான் அட்டவணையில் மூன்றாவது வரியில் இருந்த நீளமான எண்ணை எடுத்துவிட்டு எஸ்டிஏ என்று எழுதினேன். சின்னப் பெண், முப்பது எழுத்துக்கு மேல் நீளமுள்ள எண்ணைப் பார்த்தால் பயந்துபோவாள், பெயர் என்றால் வாசிக்கச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்ததாக ஞாபகம்.

அப்கிரேடு முடிந்தால் ரீஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நான் செய்யவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் நிற்கவே நிற்காது. யூபிஎஸ், அதற்குமேல் இன்வெர்ட்டர், எல்லாம் நான் வைத்ததுதான். புயலுக்கே நின்றதில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அதை நிறுத்துவோம். ஆயுதபூஜை. சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி, சுவிட்சை அணைத்துவிடுவோம். மறுநாள் காலையில் சூடம் காட்டிவிட்டுத்தான் திரும்பப் போடுவோம். நான் வேதக்காரன், கிறிஸ்தவன்தான், ஆனால் ஒன்பது வருடமும் நானே என் கையால் பொட்டு வைத்திருக்கிறேன். கருவிக்கு மரியாதை கொடுப்பதில் தவறில்லை.

ஆகவே அது எந்த நாள் எழாது என்று எனக்கு ஏப்ரல் மாதமே தெரியும். ஊகமாக இல்லை. அதே மாதிரி போர்டு ஒன்று வீட்டில் கிடந்தது, அதே போல இரண்டு டிஸ்க் மாட்டி அதே அப்கிரேடைப் போட்டுப் பார்த்தேன். பெயர் இடம் மாறியது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் மாறியது. ஒரு வேலையைச் சோதிக்காமல் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

என் எண்ணமெல்லாம் இவ்வளவுதான்: ஒரு அரை நாள் நிற்கும், கூப்பிடுவார்கள், போய் எடுத்துக்கொடுத்துவிட்டு வருவேன்.

தமிழ்ச்செல்வியைப் பற்றியும் அப்போதே தெரியும். மார்ச் மாதம் அவர் புருஷன் சேரன் எங்கள் அறைக்கு வந்திருந்தார். குமராட்சி பக்கம் மினிபஸ் ஓட்டுகிறவர். முதல் பிரசவத்தில்தான் மனைவிக்குப் பாம்பே குரூப் என்று கண்டுபிடித்திருந்தார்கள். லட்சத்தில் சிலருக்கு மட்டும் இருக்கிற குரூப். வேறு எந்த ரத்தமும் ஏற்றக்கூடாது. ஆஸ்பத்திரிகளில் இருப்பும் இருக்காது, அதே குரூப் ஆளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். எங்கள் பட்டியலில் நான்கு பேர் இருந்தார்கள்.

"இப்ப மாசமா இருக்குது சார். பயமா இருக்குது," என்றார்.

"பயப்படாதீங்க. நாள் நெருங்கும்போது ஒரு போன் பண்ணுங்க, ஆள் வந்து நிக்கும்," என்றேன். தேதியைக் குறித்துக்கொண்டேன். அக்டோபர் கடைசி. ஆயுதபூஜை மாத ஆரம்பத்தில் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரியை எழுதினேன். நான் பொறுப்பில்லாமல் செய்யவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

குழந்தை சீக்கிரம் வந்துவிட்டது.

அன்று எனக்கு விடுமுறை. காலையிலிருந்து தூறல். பத்து மணிக்கு இலக்கியா போன் செய்தாள். "சார், சூடம் காட்டிட்டு சிஸ்டத்த போட்டேன். கறுப்பா ஏதோ வந்து நிக்குது சார்."

"அவசரமா எதுவும் இருக்காம்மா?"

"இல்ல சார், இப்போதைக்கி இல்ல."

"அப்ப சாவகாசமா பாரு. உன்னால முடியும்," என்றேன்.

பத்து நாற்பதுக்குத் தேவநாதன் ஐயா. சிதம்பரத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டதாம், தமிழ்ச்செல்விக்குப் பாம்பே குரூப் வேண்டுமாம். விடியற்காலையில் பிரசவம், பெண் குழந்தை, அதற்கப்புறம் ரத்தப்போக்கு நிற்கவில்லை. சென்னையிலும் சொல்லிவைத்திருக்கிறார்கள், அது வந்துசேர சாயங்காலம் ஆகும். "சகாயம், அந்தப் பொட்டி எப்பய்யா சரியாவும்?"

"இலக்கியா பாத்துக்கிட்டு இருக்குதே ஐயா. புள்ள கையில குடுத்துட்டோம், நடுவுல நான் பூந்தா நல்லா இருக்காது," என்றேன். "அதெல்லாம் பாக்குற நேரமாய்யா இது," என்றார். வைத்துவிட்டார்.

பதினொன்றேகாலுக்கு மறுபடியும் இலக்கியா. குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. இணையத்தில் தேடியதில், பல வருடத்துக்கு முன்பு இதே குழுவில் எழுதப்பட்ட ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அட்டவணையைத் திறந்து, பெயரை எடுத்துவிட்டு எண்ணைப் போடும் முறை, வரிசையாக ஆறு படிகள்.

"அடியில உங்க பேரு இருக்குது சார். நீங்க எழுதுனதுதான். இதையே செஞ்சுடவா?"

சரியான பதில் அது. இன்றும் இந்தக் குழுவில் தேடினால் கிடைக்கும், அதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை.

"அது பழசும்மா," என்றேன். "இப்ப உள்ளதுக்கு ஒத்து வராது. செஞ்சீன்னா டிஸ்கே போயிடும்."

அவள் செய்யவில்லை. நான் சொன்னால் கேட்பாள்.

பன்னிரண்டு மணிக்கு, டிஸ்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அதுவும் நடக்கக்கூடிய காரியம்தான். வேண்டாம் என்றேன். இந்த இரண்டு பதில்களும் தொழில்நுட்பரீதியில் தவறானவை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

புஷ்பமேரி, என் மனைவி, சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஊருல உள்ள கம்ப்யூட்டருக்கெல்லாம் போன்லயே வைத்தியம் பாக்குறீங்க. நம்ம வூட்டு கிரைண்டரு மூணு மாசமா நிக்குது. அது செய்யுற பாவம் இன்னா?" என்றாள். சிரித்துக்கொண்டே போய் கிரைண்டரைத் திறந்து பார்த்தேன். பெல்ட் அறுந்திருந்தது.

பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோது சேரன் கூப்பிட்டார். என் நம்பரை மார்ச் மாதம் வாங்கியிருந்தார். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

"சார், கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சுன்றாங்க. அது கெடக்கட்டும் சார். நீங்கதான எல்லாம் பாத்தீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருந்தா பேர மட்டும் சொல்லுங்க. ஊர மட்டும் சொல்லுங்க. நான் வண்டிய எடுத்துகினு போயி கால்ல வுழுந்து கூட்டியாந்துடுறேன்."

"கம்ப்யூட்டர் வந்துட்டா உடனே சொல்றேன், வையிங்க," என்றேன்.

"வந்துடுமா சார்?"

"வந்துடும்."

ஒன்று பத்துக்கு வாசலில் ஆட்டோ நின்றது. இலக்கியா அந்தப் பெட்டியை மடியில் வைத்து, தன் துப்பட்டாவை மேலே போர்த்தி, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அவள் முழுக்க நனைந்திருந்தாள், பெட்டி நனையவில்லை. முன்பக்கத்தில் முதல் நாள் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது.

"என்னால முடியல சார். சாரி சார். நீங்கதான் சார் பாக்கணும்," என்றாள். அழுதாள்.

அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று பல தடவை யோசித்துப் பார்த்தேன். அப்படி எதுவும் வந்த ஞாபகம் இல்லை. காது அடைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"உள்ள வாம்மா. தலைய தொடை. மேரி, அந்தப் புள்ளைக்கும் ஒரு தட்டு வையி," என்றேன்.

"சாப்பாடெல்லாம் வேணாம் சார், மொதல்ல..."

"ரெண்டு வாய் சாப்புட்டுட்டு வந்துடுறேன்," என்றேன். சங்கரா மீன் குழம்பு. நான் நிதானமாகச் சாப்பிடுகிறவன், முள் உள்ள மீன் வேறு. இலக்கியா கூடத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புஷ்பமேரி என்னை ஒருமுறை பார்த்தாள். "ஏங்க, கைய கழுவிட்டுப் போயி பாத்துட்டு வந்து துன்னுங்களேன், சோறு எங்கயும் ஓடிடாது," என்றாள். பாதியில் எழுந்தால் ஜீரணம் ஆகாது என்றேன். ஒன்று நாற்பத்தைந்துக்குக் கை கழுவினேன்.

வேலை நான்கு நிமிடம்.

அவள் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். மூன்றாவது வரியை நான் திருத்தியதைக் கண்ணால் பார்த்தாள். "எஸ்டிஏன்னு இருந்துச்சா சார்? நான் எதையாவது அமுக்கிட்டனா?" என்று கேட்டாள். "பரவால்ல, கத்துக்குற வயசு," என்றேன். அவளுடைய பதிவில் உள்ள தவறு அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

பட்டியல் திறந்தது. நான்கு பேரில் ஒருவர் துபாயில் இருந்தார். ஒருவர் நம்பர் மாறியிருந்தது. ஒருவருக்கு மஞ்சள் காமாலை. நாலாவது ஆள் கலைமணி, பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறவன். சிதம்பரத்துக்கு அரை மணி நேரம். மழையில் படகு ஓடாததால் வீட்டிலேயே இருந்தான். இலக்கியா பேசி முடிப்பதற்குள் பைக்கை எடுத்துவிட்டான்.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தான். சோதித்துவிட்டு ரத்தம் எடுக்கத் தொடங்கினார்கள். பை பாதி நிறைந்திருந்தபோது தமிழ்ச்செல்வி இறந்தார். அதை அவனிடம் சொல்லாமல் முழுப் பையையும் எடுத்தார்கள். அந்தப் பை முப்பத்தைந்து நாள் ஃப்ரிட்ஜில் இருந்தது. அந்த குரூப் யாருக்கும் தேவைப்படவில்லை. பிறகு விதிப்படி அப்புறப்படுத்தினார்கள்.

குழந்தை நன்றாக இருக்கிறது.

அடுத்த மீட்டிங்கில் இலக்கியா எழுந்து நின்று, தவறு தன்னுடையது என்று சொல்லிவிட்டுப் பொறுப்பிலிருந்து விலகினாள். ஆடிட்டர் ஆபீசுக்கும் சரியாகப் போவதில்லை என்று அவள் அம்மா யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. பொறுப்பைத் திரும்ப என்னிடம் கொடுத்தார்கள். தேவநாதன் ஐயா, "உன்னைய அனுப்புனது என் தப்புய்யா சகாயம்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது அட்டவணையில் எல்லா வரியிலும் எண்தான் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்பு கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். திருப்பலியைத் தவறவிட்டது, ஒரு மாணவனைத் திட்டியது, இதையெல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறைத்தேன் என்று இல்லை. பத்துக் கட்டளைகளில் எந்தக் கட்டளையின் கீழ் இதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. திருடவில்லை. யாரையும் அடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் மூன்றெழுத்து எழுதியிருக்கிறேன்.

இந்த மாத ஆரம்பத்தில் கலைமணி எங்கள் அறைக்கு வந்தான். ஒரு பையில் இறால் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளு."

"ஆறு வருசம் முன்ன என்னைய இதுல சேத்ததே நீங்கதான். என் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தீங்க. போன ஈஸ்டருக்குக்கூட நான் போன் பண்ணி வாழ்த்து சொன்னேன். என் நம்பரு உங்க போன்ல இருக்குதுதான? அன்னைக்கிக் காலையில நீங்களே ஒரு போனு போட்டிருந்தா நான் பதினொண்ணரைக்கெல்லாம் அங்க படுத்திருப்பனே சார்."

"கம்ப்யூட்டர் நின்னுபோச்சு கலைமணி," என்றேன்.

"அது சரி சார்," என்றான். எழுந்து, பைக் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். இறாலை எடுத்துக்கொண்டு போகவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவன் நம்பர் என் போனில் இருந்தது. காலை பத்து நாற்பதுக்குத் தேவநாதன் ஐயா பாம்பே குரூப் என்று சொன்ன அந்த நிமிடமே அவன் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அவன் வீட்டுக்குப் போகிற வழியும் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணைக் காப்பாற்ற அந்தக் கம்ப்யூட்டர் தேவையே இல்லை. அவர் சாவதற்கு நான்தான் காரணம். இலக்கியா இல்லை.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. குழுவின் உறுப்பினர் கேட்டால்தான் கொடையாளர் பெயரைச் சொல்ல வேண்டும். அன்று உறுப்பினர்கள் யாரும் என்னிடம் பெயர் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் எப்போது சரியாகும் என்றுதான் கேட்டார்கள். பெயர் கேட்டது சேரன் ஒருவர்தான். அவர் எங்கள் குழுவில் உறுப்பினர் இல்லை.